கொல்லயில் ஏற்றத்தில் நின்ற வண்டி

டி.வி. ரிப்பேர்காரர் பஞ்சை ஸ்பிரிட்டில் முக்கி, முதுகு திறந்து கிடந்த எங்கள் வீட்டு டி.வி.க்குள் ஒரு சின்னப் பாகத்தின்மேல் வைத்தார். சுருங்கிக் கிடந்த படம் விரிந்து திரை முழுக்க வந்தது. பஞ்சை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் படம் மறுபடி சுருங்கியது.

"ஆளு இவன்தான். சூடானா மயங்கியான், குளுந்தா எழும்பியான்," என்றார்.

"அப்பம் புதுசு வாங்கண்டாமா?" என்று அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். என் மண்டைக்குள் டி.வி. இல்லை. கொல்லயில் என்கிற ஊர் ஏற்றத்தில் கல் லோடோடு செத்து நிற்கிற ஒரு டிப்பர்தான் இருந்தது. அந்த டிப்பரால் வேலையும் பெயரும் போன சுகுமாரன் அண்ணன் இருந்தார். அவருக்கு அப்படி ஆக ஒரு காரணம் நான்.

பாலிடெக்னிக் முடித்துவிட்டு வொர்க்‌ஷாப்புக்குள் நுழைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கே இருபத்து மூன்று வயசுதான் ஆகிறது. உபதேசம் செய்கிற வயசில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

1. ரேடியோ

நான் வேலை பார்ப்பது பாறசாலைக்கும் உதியன்குளங்கரைக்கும் நடுவில், மெயின் ரோட்டோரம் இருக்கிற மணியன் மேஸ்திரியின் வொர்க்‌ஷாப்பில். எங்களுக்கு வருகிற லாரிகளில் எல்லாம் மெக்கானிக்கல் டீசல் பம்ப்தான். காதை வைத்துக் கேட்டே மேஸ்திரி பாதிக் கோளாறைச் சொல்லிவிடுவார்.

காரோடு ஊருக்கு அப்பால் கடற்கரையில் கல் போட்டுச் சுவர் கட்டுகிற வேலையை எடுத்த கான்ட்ராக்டர், எங்கோ துறைமுகத்தில் ஓடிய ஒரு வெளிநாட்டு டிப்பரை செகண்ட் ஹேண்டாக வாங்கிக்கொண்டு வந்தார். அதில் பழைய மாதிரி பம்ப் கிடையாது. ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் வயர் போகிறது. எஞ்சினின் இடது பக்கம் தடித்த டயரி அளவில் ஓர் அலுமினியப் பெட்டி. எந்த இன்ஜெக்டர் எப்போது, எவ்வளவு டீசல் அடிக்க வேண்டும் என்று சொல்வது அந்தப் பெட்டிதான். எஞ்சின் கம்ப்யூட்டர்.

"எலே டிப்ளமா, உனக்க ரேடியோ வந்திருக்கு பாரு," என்றார் மேஸ்திரி. "எனக்கு இதுல பாட்டு வைக்கத் தெரியாது. நீயே பாத்துக்க."

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். வண்டியோடு வந்த மானுவலை ஜெராக்ஸ் எடுத்து பஸ்ஸிலும் படித்தேன்.

வண்டியின் டிரைவர்தான் சுகுமாரன் அண்ணன். காரோட்டுக்காரர், நாற்பதைத் தாண்டியவர். இருபது வருஷமாகக் கனரக வண்டி ஓட்டுகிறவர்.

2. விளக்கு சொன்னது

மார்ச் கடைசியில் வண்டி முதல்முறையாக நின்றது. வெள்ளறடைப் பக்கத்துக் குவாரியில் கல் ஏற்றிக்கொண்டு வரும் வழியில், கொல்லயில் ஏற்றத்தில். அரைமணி நேரம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆனது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு வண்டி தினமும் ஒரே இடத்தில் அரைமணி நேரம் நின்றால் யாரும் எஞ்சினைப் பற்றி யோசிக்க மாட்டார்கள். தமிழ்நாடு-கேரள எல்லை பக்கத்தில். டீசலுக்கு அந்தப் பக்கம் ஒரு விலை, இந்தப் பக்கம் ஒரு விலை. டேங்கில் டியூபைப் போட்டு கேனில் இறக்கி விற்கிறவர்கள் உண்டு. ஆகவே நின்ற வண்டி என்றால் டீசல் களவு. குழந்தைகூட அப்படித்தான் சொல்லும்.

கான்ட்ராக்டரின் மேனேஜர் பிள்ளை சார் வண்டியோடு வந்தார். நெய்யாற்றின்கரைக்காரர். அப்பா, தாத்தா எல்லாரும் சர்க்கார் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர்கள். அவரும் எதைச் சொன்னாலும் நோட்டில் எழுதிக்கொள்கிற மனுஷன். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எழுதியதை மட்டும் நம்புகிறவர்.

"சும்மா கெடந்து ஓடும்போ ஒண்ணும் இல்ல மக்கா," என்றார் சுகுமாரன் அண்ணன் என்னிடம். "லோடு கேற்றி அரமணிக்கூறு ஓடட்டும், அப்பம் பாரு. மூச்சு முட்டும், பின்ன செத்துப்போவும். ஒரு பீடி, ஒரு சாயா, பின்னயும் ஒரு பீடி. அதுக்கப்பறம் ஒண்ணும் நடக்காத மாதிரி எழும்பும்."

"செரி அண்ணே, பாக்கியேன்."

"இன்னொண்ணு. எடையில ரெண்டு நாளு கோட மழ பெஞ்சுதுல்லா? அன்னைக்கு நிக்கேல. கேட்டியா? மழையத்து நிக்கேல."

"மழைக்குப் பயந்து வீட்டுக்கு ஓடுதா இருக்கும்," என்றேன். மேஸ்திரி சிரித்தார். சுகுமாரன் அண்ணன் சிரிக்கவில்லை.

ஜாப் கார்டில் கம்ப்ளெய்ண்ட் என்று போட்டிருக்கிற இடத்தில் நான் எழுதியது இரண்டே வார்த்தை: "பிக்கப் குறைவு."

ஃபில்டர் இரண்டையும் மாற்றினோம். டேங்க் ஸ்டிரெய்னரைக் கழற்றிப் பார்த்தோம். லைனில் ஏர் பிடிக்கிறதா என்று பார்த்தோம். வண்டியை நிறுத்திவைத்து எஞ்சினை ஐடிலில் ஒரு மணி நேரம் போட்டோம், குறை இல்லை. வெறும் வண்டியை அமரவிளை வரை ஓட்டிக்கொண்டு திரும்பினோம், குறை இல்லை. கடைசியாக நான் மானுவலில் படித்த வித்தையை எடுத்தேன். டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் இரண்டு பின்னை வயரால் இணைத்தால், டாஷ்போர்டில் ஒரு விளக்கு மின்னும். எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணினால் கோளாறின் நம்பர் கிடைக்கும். சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று பார்த்தார்கள். கோளாறு ஒன்றும் பதிவாகவில்லை என்று விளக்கு சொன்னது.

"வண்டியில கொழப்பம் ஒண்ணும் இல்ல சாறே. கம்ப்யூட்டரே சொல்லுது," என்றேன்.

"உறப்பாணோ?" நிச்சயம்தானா என்று பிள்ளை சார் மலையாளத்தில் கேட்டார்.

"உறப்பு."

நோட்டில் எழுதினார். மூடினார். "சுகுமாரா, சாவிய மேசையில வை."

"சாறே, இருவது வருஷமா எனக்க பேருல ஒரு கேஸ் கெடையாது. நான் டீசல் வித்தவன் ஆக்குமா?"

"நான் ஒண்ணும் சொல்லல்ல. சாவிய வை."

அவர் சாவியை வைத்தார். கேபினில் ஏறி, சீட்டுக்கு அடியிலிருந்து தன் லுங்கியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். என் கையிலிருந்த ஜாப் கார்டை எட்டிப் பார்த்தார். "நான் சொன்னது ஒண்ணையும் நீ எழுதேலியே மக்கா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றைக்கும் காதில் நிற்கிறது.

3. மழைக்காலம்

டீசல் கள்ளன் என்று பெயர் விழுந்தவனுக்கு எல்லையில் யாரும் ஸ்டியரிங் கொடுக்க மாட்டார்கள். சுகுமாரன் அண்ணன் அதியன்னூர் வரைக்கும் போய்க் கேட்டுப் பார்த்தார் என்று கேள்விப்பட்டேன். பிறகு காரோட்டிலேயே மரவள்ளித் தோட்டத்தில், எங்கள் பேச்சில் மரச்சீனி விளையில், கூலிக்குப் போகத் தொடங்கினார்.

வண்டிக்கு பைஜு என்ற பையன் டிரைவராக வந்தான், என் வயசு. அவனிடமும் இரண்டொரு தடவை நின்றது என்று பின்னால்தான் தெரிந்தது. அப்போது அவன் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஜூனில் இடவப்பாதி மழை வந்தது. கடல் ஏறி அடித்தது, கல் லோடு நிற்காமல் போனது. மூன்று வாரம் வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை.

பிள்ளை சார் வொர்க்‌ஷாப் வழியாகப் போகும்போது நின்று சொன்னார்: "கண்டியா? ஆள மாத்தினேன், வண்டி செரியாச்சு."

எனக்குப் பெருமையாக இருந்தது. இதை மறைத்துவிட்டு எழுதினால் இந்தக் குறிப்புக்கு அர்த்தமில்லை.

4. கல்யாண லைட்

மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்தபோதுதான் எங்கள் வீட்டு டி.வி. கெட்டதும், ரிப்பேர்காரர் பஞ்சை வைத்ததும். சூடானால் மயங்கும், குளிர்ந்தால் எழும்பும். மழையில் நிற்காது. செருப்பு கிடைத்ததும் நேராக பைஜுவைத் தேடிப் போனேன். சாயாக்கடையில் இருந்தான்.

"மழ விட்ட பிறகு வண்டி நின்னுதா?"

அவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தான்.

"மூணு தெவசமா நிக்குது. ஆரிட்டயும் சொல்லாத. ரயில்வே கேட் அடச்சுப் போட்டாவன்னு ஆபீஸ்ல சொல்லிட்டு வாறேன். சுகுமாரன் அண்ணனுக்க கதி எனக்கும் வரும்லா?"

"எங்க நிக்குது?"

"கொல்லயில் ஏற்றத்துல."

அடுத்த நாள் சர்வீஸ் என்று சொல்லி வண்டியை உள்ளே போட வைத்தேன். ஏற்றமும் லோடும் இல்லாமல் அந்தப் பெட்டியை மட்டும் சூடாக்க வேண்டும். கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கிற கூட்டுக்காரன் ஒருவன் உண்டு, அவனுடைய ஹேலோஜன் லைட்டை இரவல் வாங்கினேன். எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, லைட்டைப் பெட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தேன்.

"பெண்ணு எப்பம் வரும்?" என்று கேட்டார் மேஸ்திரி.

இருபதாவது நிமிஷம். டாஷ்போர்டில் விளக்கு ஒரே ஒரு தடவை மின்னியது. எஞ்சின் திணறியது. நின்றது. மேஸ்திரி ஸ்டூலிலிருந்து எழுந்தார். ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. ஈரச் சாக்கைப் பெட்டிமேல் போட்டோம். பத்து நிமிஷத்தில் முதல் சாவியிலேயே பிடித்தது. மறுபடி லைட். மறுபடி நின்றது.

இரண்டாம் தடவை நிற்கும்போது மீட்டர் என் கையில் இருந்தது. பேட்டரியிலிருந்து பெட்டிக்குள் போகிற வோல்டேஜ் குறையவில்லை. பெட்டி சென்சார்களுக்குக் கொடுக்க வேண்டிய ஐந்து வோல்ட் ஒன்றுக்குக் கிட்டே விழுந்து கிடந்தது. ஏதாவது ஒரு சென்சார் ஷார்ட்டாகி இழுத்தாலும் இப்படி விழும். ஆகவே சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் ஏறவில்லை. கோளாறு பெட்டிக்குள்தான்.

பெட்டிக்கே மூச்சு நிற்கும்போது அது தன் கோளாறை எங்கே எழுதி வைக்கும்? தன்னைப் பற்றித் தானே சொன்ன சாட்சியை நான் நம்பினேன். இருபது வருஷம் ஓட்டியவர் சொன்னதை நம்பவில்லை.

5. கிளாம்ப்

பெட்டி கெட்டது என்று மட்டும் பிள்ளை சாரிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, எஸ்.டி.டி. பூத்திலிருந்து பம்பாய் ஏஜெண்டைப் பிடித்தேன். பெட்டிமேல் ஒட்டியிருக்கிற லேபிளில் இரண்டு நம்பர் இருக்கும், ஒன்று பார்ட் நம்பர், இன்னொன்று உள்ளே இருக்கிற புரோகிராமுக்கு உரியது, இரண்டையும் சொல்லு என்றார்கள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பார்ட் நம்பர் ஒத்து, புரோகிராம் ஒக்காவிட்டால் எஞ்சின் ஓடும், ஆனால் அது உங்கள் எஞ்சினாக இருக்காது. இரண்டு வாரத்தில், புரோகிராம் ஏற்றிய பெட்டி ரயில் பார்சலில் வந்தது.

மாற்றுவது பெரிய வேலை இல்லை. பேட்டரியின் இரண்டு கேபிளையும் கழற்ற வேண்டும். கனெக்டர்களில் அடையாளம் கட்ட வேண்டும். பின்களைக் கையால் தொடக்கூடாது. பெட்டிக்குப் பின்னால் இருக்கிற ரப்பர் புஷ்கள் நைந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வு புதுப் பெட்டியையும் கொல்லும். போல்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சில்தான் முறுக்க வேண்டும். அரைநாளில் முடிந்தது. லோடு ஏற்றி, உச்சி வெயிலில் மூன்று தடவை ஏற்றம் ஏறி இறங்கினோம். நிற்கவில்லை.

பழைய பெட்டி மேசைமேல் கிடந்தது. மூடியை மட்டும் திறந்தேன், வேறு எதையும் தொடவில்லை. போர்டில் ஓர் ஓரம் தவிட்டு நிறத்தில் கருகி இருந்தது, மின்சாரம் உள்ளே நுழைகிற இடத்துக்குப் பக்கத்தில். மானுவலின் முதல் பக்கங்களை மறுபடி புரட்டினேன். எஞ்சினைப் பற்றிப் படிக்கிற அவசரத்தில் நான் தாண்டிவிட்ட பக்கங்கள். வண்டியில் வெல்டிங் செய்யும் முன் பேட்டரியையும் கம்ப்யூட்டரையும் கழற்று, வெல்டிங் கரண்ட் திரும்பிப் போகிற எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடி என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது.

ஜாப் ரெஜிஸ்டரை எடுத்தேன். வண்டி முதலில் நின்ற நாளுக்குப் பத்து நாள் முன்னால், எங்கள் வொர்க்‌ஷாப்பில் டிப்பரின் பின்கதவுக் கீல் வெல்டிங். எங்களிடம் வெல்டிங்குக்குப் பேட்டரி கழற்றுகிற வழக்கமே கிடையாது. பழைய லாரிகளுக்குத் தேவைப்பட்டதும் இல்லை. கிளாம்ப் எங்கே நன்றாகக் கடிக்கிறதோ அங்கே கடிக்க விடுவோம். அன்றைக்குப் பெயிண்ட் இல்லாத இடமாகப் பார்த்து எஞ்சின் பிராக்கெட்டில் கடிக்க விட்டோம். கடிக்க விட்ட கை என்னுடையது. வெல்டிங் கரண்ட் வண்டி முழுக்க நடந்து வந்திருக்கும். அதனால்தான் பெட்டி கெட்டது என்று கோர்ட்டில் நிரூபிக்க என்னால் முடியாது. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மேஸ்திரியிடம் காட்டினேன். ரெஜிஸ்டரை வாங்கி அந்த வரிமேல் விரலை வைத்தார். "இது வெளிய போனா கம்ப்யூட்டர் வண்டி ஒண்ணும் நம்ம கேட்டுக்குள்ள வராது," என்றார். பிறகு, "கிளாம்ப அங்க கடிக்க விடச் சொன்னது நான்லா," என்றார்.

பிள்ளை சாரிடம் போனோம். வெல்டிங்கைச் சொல்ல வாய் எடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "மழையில ஈரம் கேறிக் கெட்டுப்போச்சு. அப்பிடித்தான் நான் எழுதியிருக்கேன்."

"இல்ல சாறே. சுகுமாரன் அண்ணன் ஓட்டும்போதே இந்தக் கொழப்பம் உண்டு."

"அன்னைக்கு இல்லன்னு சொன்னது ஆரு? கம்ப்யூட்டரே சொல்லுதுன்னு சொன்னது ஆரு?" நோட்டைப் புரட்டிக் காட்டினார். என் வார்த்தை அப்படியே இருந்தது. "இப்பம் வேற சொல்லுத. எந்த வார்த்தைய நான் நம்பணும்?"

நியாயமான கேள்விதான்.

வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பினேன். "சாறே, சுகுமாரன் அண்ணன் அந்தச் சாவிய வச்ச பெறகு இந்த வண்டியத் தொட்டதில்ல. நாங்க லைட் வச்சுப் பாத்ததையும் அவரு பாக்கேல. வண்டி எப்பிடி நிக்கும்னு அவரு சொல்லட்டும், நான் எழுதியேன். பழைய பெட்டிய மாட்டி, லோடு கேற்றி, நீங்களும் கூட இருந்து பாருங்க. அவரு சொன்ன மாதிரியே நின்னா, அது அன்னைக்கே இருந்த கொழப்பம்."

பிள்ளை சார் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "ஒரு லோடு. ஒண்ணே ஒண்ணு," என்றார்.

6. மரச்சீனி விளையில்

நேற்று சாயந்திரம் காரோட்டுக்குப் போனேன். சுகுமாரன் அண்ணன் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். என்னுடைய சோதனையில் என்ன பார்த்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. வெல்டிங்கைச் சொன்னேன்.

அவர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "நான் வரமாட்டேன். நின்னா என்ன, ஓடினா என்ன? எனக்க பிள்ளைகள பள்ளிக்கூடத்துல என்ன சொல்லிக் கூப்பிட்டாவன்னு உனக்குத் தெரியுமாலே?"

தெரியாது என்றேன்.

"பின்ன?"

நான் புது ஜாப் கார்டை எடுத்து முழங்காலில் வைத்தேன். "நீங்க வரண்டாம். சொல்லுங்க, எழுதியேன்."

குனிந்து கூடையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். பிறகு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கிழங்கை ஒவ்வொன்றாகக் கூடையில் எறிந்தபடியே சொன்னார். அவர் சொன்னபடியே எழுதினேன்.

"ஏற்றத்துக்குக் கீழ ஒரு கலுங்குப் பாலம் உண்டு. கலுங்கு தாண்டி ரெண்டாவது கியர் போடும்போ ஆர்.பி.எம். முள்ளு ரெண்டு தடவ தலையாட்டும். ரெண்டு தடவ. மூணாவது கெடையாது. அப்பம் மஞ்ச வெளக்கு ஒரு தடவ மின்னும், கண்ண மூடினா தெரியாது. பின்ன பெடல் செத்துப்போவும், எவ்வளவு மிதிச்சாலும் ஐடில்ல கெடக்கும். நாப்பது எண்ணுகதுக்குள்ள நிக்கும். தண்ணி கோரி அந்தப் பெட்டிமேல ஊத்தினா சீக்கிரம் எழும்பும். நான் ஒரு தடவ ஊத்திப் பாத்திருக்கேன். அத அன்னைக்கு உங்கிட்ட சொல்லதுக்குள்ளதான் நீ மழையச் சொல்லிக் கேலி பண்ணின."

விளக்கு மின்னியதை நான் பார்த்திருக்கிறேன். முள் தலையாட்டியதை நான் கவனிக்கவில்லை. லைட்டையும் மீட்டரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே அது நடக்குமா என்று எனக்கும் தெரியாது.

கீழே கையெழுத்துப் போட்டார். "முள்ளு ஆடேலன்னா?" என்று கேட்டார்.

"ஆடேலன்னாலும் வந்து சொல்லியேன்."

இன்று காலை அந்தக் கார்டை மடித்து பிள்ளை சாரிடம் கொடுத்தேன். படிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பின்பக்கத்தில் வெல்டிங் நடந்த நாளையும், கிளாம்ப் எங்கே கடித்தது என்பதையும், அதன் கீழ் என் பெயரையும் எழுதியிருக்கிறேன். கொடுப்பதற்கு முன் மேஸ்திரி வாங்கிப் பார்த்தார். தன் பெயரையும் எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

வொர்க்‌ஷாப்புக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். ஜாப் கார்டில் முதல் வரி ஓட்டுகிறவருடையது. அவர் வாயிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே எழுதுங்கள். மழையைச் சொன்னால் மழையையும் எழுதுங்கள்.

புதுப் பெட்டியை இன்று மத்தியானம் கழற்றிவிட்டேன். பழையதை மாட்டியாகிவிட்டது. நாளைக் காலை பத்து மணிக்குக் குவாரியில் லோடு. பைஜு ஓட்டுவான், நடுவில் பிள்ளை சார், ஓரத்தில் நான். கார்டு அவர் பையில் இருக்கும். கலுங்கு வரும்போது எடுத்துப் பிரிக்கச் சொல்லியிருக்கிறேன். இப்போது கடல் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. நாளை மழை பெய்தால் வண்டியை எடுக்க மாட்டோம், வெயில் அடிக்கிற நாளில்தான் ஏற்றத்தில் ஏற்றுவோம்.